ஒரே பக்கத்தில் பல படங்கள்: எந்த அடுக்கு, எந்தப் பார்டர்?

ஒரே விஷயத்தைப் பற்றி நல்ல படங்கள் நான்கைந்து கையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. உடனே ஒரு செயலியைத் திறந்து, அதில் வரிசையாக நிற்கும் டெம்ப்ளேட்களில் ஒன்றைத் தட்டுகிறோம். படங்கள் கட்டங்களுக்குள் போய் உட்காருகின்றன. ஒருவர் தலை வெட்டுப்படுகிறது, இன்னொருவர் கை பாதியில் நிற்கிறது, எதை முதலில் பார்ப்பது என்றும் தெரியவில்லை. படங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டுக்கொள்ளாமலே கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததால் வரும் கோளாறு இது.

லேஅவுட் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் கேட்பது அந்த உறவைத்தான். எல்லாப் படங்களும் சமமா? ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவையா? ஒன்று தலைமை, மற்றவை துணையா? இல்லை, இரண்டு படங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்கின்றனவா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். மீதிப் பாதியை அந்தப் பக்கம் எங்கே பார்க்கப்படப் போகிறது என்பது முடிவு செய்யும்: சுவரிலா, ஆல்பத்திலா, கைபேசியிலா. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

உதாரணத்துக்கு ஒரு தச்சரைப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பட்டறை முழுவதும் தெரியும் ஒரு தூரப் படம், அவர் முகம், இழைப்புளியில் இருந்து மரச்சுருள் எழும்பும் கையின் நெருக்கப் படம், கடைசியில் செய்து முடித்த நாற்காலி. கூடவே இடைப்பட்ட வேலைகளின் சில படங்கள்.

இரண்டு படங்கள் மட்டும்

ஜோடியாக வைப்பதுதான் இருப்பதிலேயே வலுவான அமைப்பு என்பது என் கருத்து. இரண்டு படங்கள் பக்கத்தில் நின்றாலே பார்ப்பவர் மனம் அவற்றை ஒப்பிட ஆரம்பித்துவிடும். தச்சரின் முகமும் அவர் கையும் ஜோடி. ஒரு மரக்கட்டையும் முடிந்த நாற்காலியும் ஜோடி. பட்டறையும் முகமும் அவ்வளவு நல்ல ஜோடி அல்ல. ஒன்று மற்றொன்றுக்குப் பின்னணியாகிவிடும், பேச்சு நடக்காது.

ஜோடியில் கவனிக்க வேண்டியது பார்வையின் திசை. முகம் வலப்பக்கம் பார்த்தால் அந்தப் படம் இடது கட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் அடுத்த படத்துக்குள் பார்க்கிறார். மாற்றி வைத்தால் அவர் பக்கத்துக்கு வெளியே பார்ப்பார். நம் கண்ணும் அவரோடு வெளியே போய்விடும். இதைச் சரிசெய்யப் படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிவிடாதீர்கள். சட்டைப் பொத்தான், வகிடு, எழுத்து எல்லாம் காட்டிக்கொடுக்கும். இடத்தை மாற்றினால் போதும்.

இன்னொன்று, கிடைக்கோடு. இரண்டு படங்களிலும் மேசை விளிம்போ தொடுவானமோ இருந்தால், இடைவெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவை எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பிழை மாதிரித் தெரியும். 30 மி.மீ. இருந்தால் வேண்டுமென்றே வைத்த மாதிரித் தெரியும். ஆகவே ஒன்று சரியாக நேர்படுத்துங்கள், இல்லை தாராளமாக விலக்குங்கள்.

வடிவக் கணக்கும் இங்கே எளிது. சாதாரணக் கேமரா தரும் 3:2 விகிதத்தில் இரண்டு நெடும்படங்களை (நெட்டுக்குத்தாக எடுத்தவற்றை) பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொத்தம் 4:3 ஆகும், எங்கும் பொருந்தும். இரண்டு அகலப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் 3:1 என்று நீண்ட பட்டையாகிவிடும். சுவரில் அது அழகு. கைபேசியில் ஒன்றும் தெரியாது. கைபேசிக்கு அந்த அகலப் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் 3:4 கிடைக்கும், திரை நிறையும்.

சமக் கட்டங்கள்

எல்லாரும் முதலில் தேர்ந்தெடுப்பது இது. பெரும்பாலும் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதுதான். கட்டம் சமமாக இருந்தால் ஒழுங்காகத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் சமக் கட்டம் படங்களிடம் நிறைய கேட்கிறது: ஒரே தூரம், ஒரே கோணம், ஒரே மாதிரி வெளிச்சம். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் வேறுபடுவது எது என்று கண் தேடும்.

ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி இதற்கு மிகச் சிறந்த சான்று. 1959 முதல் சேர்ந்து வேலை செய்த அவர்கள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்கள், ஊது உலைகள், நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்கட்டுமானங்கள் போன்றவற்றைக் கருப்பு வெள்ளையில் எடுத்து, ஒன்பது, பன்னிரண்டு என்று கட்டங்களாக மாட்டினார்கள். நிழல் விழாத மேகமூட்ட நாளில், நேருக்கு நேர் நின்று, பொருள் படத்தின் நடுவில் ஒரே அளவில் வருமாறு எடுத்தார்கள். தனியாகப் பார்த்தால் அது வெறும் தொட்டி. ஒன்பது தொட்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் கூரையின் சாய்வும் கால்களின் அமைப்பும் கண்ணில் படுகின்றன. அங்கே ஒப்பீட்டை நடத்துவது கட்டம்.

நகர்வைக் காட்டவும் சமக் கட்டம் பொருந்தும். 1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை 12 கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்தார். ஒரு கணத்தில் குதிரையின் நான்கு காலும் தரையில் படுவதில்லை என்று அந்தப் படங்கள் காட்டின. கட்டங்கள் சமமாகவும் பின்னணி மாறாமலும் இருப்பதால்தான் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே கால் எங்கே நகர்ந்தது என்று நம்மால் பின்தொடர முடிகிறது.

நம் தச்சரின் படங்களை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். தூரப் படம், முகம், கை, நாற்காலி என்று நான்கையும் இரண்டுக்கு இரண்டாக வைத்தால் நான்கும் சமம் என்று பக்கம் சொல்லும். ஆனால் அவை சமமல்ல. கட்டம் ஒன்று சொல்ல, படங்கள் வேறொன்று சொல்லும். இதே தச்சர் நாற்காலிக் கால் ஒன்றைச் செதுக்கும் ஆறு நிலைகளை முக்காலியில் கேமராவை நிறுத்தி எடுத்திருந்தால், இரண்டு வரிசையில் மும்மூன்றாக அவை அற்புதமாக அமையும்.

இரண்டுக்கு இரண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த வரிசையில் படிப்பது? மேலே இடது, மேலே வலது என்று போவதா, மேலிருந்து கீழே இறங்குவதா? எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் கண் தயங்கும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே 8 மி.மீ., ஒரே வரிசையில் உள்ள படங்களுக்கு நடுவே 3 மி.மீ. என்று விட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவை ஒரு குழுவாகச் சேர்ந்துகொள்ளும்; யாரும் சொல்லாமலே கண் வரிசையாகப் படிக்கும். அருகில் இருப்பவற்றை ஒன்றாகக் காணும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இலேயே விளக்கி எழுதிவிட்டார். அப்புறம், இரண்டுக்கு இரண்டின் நட்ட நடுவில் படமே இல்லை, இடைவெளிகள் வெட்டிக்கொள்ளும் ஒரு சிலுவைதான் இருக்கிறது. மூன்றுக்கு மூன்றில் நடுவில் ஒரு படம் இருக்கும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதற்குத் தனி கனம் வந்துவிடும். அங்கே வைப்பதை யோசித்து வையுங்கள்.

கையில் ஏழு படம்தான் தேறுகிறது என்றால் ஒன்பது கட்டத்தை நிரப்ப இரண்டு சுமாரான படங்களைச் சேர்க்காதீர்கள். ஒன்றை எடுத்துவிட்டு ஆறாக்குங்கள். கண் நேராகப் பலவீனமான படத்துக்குத்தான் போகும். வண்ணப் படங்களுக்கு நடுவே ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருந்தாலும் இதே கதைதான். கட்டத்தில் ஓட்டை விழுந்த மாதிரித் தெரியும்.

அச்சுக்கு ஒரு கணக்கு. ஏ3 தாள் 420 × 297 மி.மீ. இருபக்கமும் 25 மி.மீ. ஓரம், படங்களுக்கிடையே 5 மி.மீ. விட்டால், 3:2 படங்கள் ஒன்பதும் 120 × 80 மி.மீ. அளவில் கச்சிதமாக அமரும். உயரத்தில் 250 மி.மீ. போக மீதமுள்ள 47-ஐ மேலே 22, கீழே 25 என்று பிரித்துக்கொள்ளலாம். அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) என்ற தரத்தில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 1417 புள்ளி அகலம் போதும். கைபேசிப் படம்கூடத் தாராளமாகத் தாங்கும். அதே ஒன்பது படங்கள் கைபேசித் திரையில் வந்தால் ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. அங்கே நுட்பமான முகபாவம் எதுவும் தேறாது.

ஒரு பெரிய படம், துணைக்கு இரண்டு

தச்சரின் படங்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதை. முகம் பெரிதாக நெடுக நிற்கட்டும். அதன் பக்கத்தில் மேலே பட்டறை, கீழே இழைப்புளிக் கை. நாற்காலியை விட்டுவிடலாம், அல்லது அடுத்த பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். யார், எங்கே, என்ன செய்கிறார் என்ற மூன்றுக்கும் பதில் வந்துவிடுகிறது. படிக்கும் வரிசையிலும் குழப்பமில்லை. பெரியதில் தொடங்கி சிறியவற்றுக்குப் போகும்.

இந்த அமைப்பில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் ஒரு கணக்கு இருக்கிறது. 3:2 கேமராவின் நெடும்படம் ஒன்று; அதே உயரத்தில் இரண்டு அகலப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. உயரத்தை 1 என்று வைத்தால் நெடும்படத்தின் அகலம் 2/3, அகலப் படங்களின் அகலம் 3/4. கூட்டினால் 17/12, அதாவது 1.417. ஏ4 தாளின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.414. கிட்டத்தட்ட அதே எண்! எதையும் க்ராப் செய்யாமல் மூன்று முழுப்படங்கள் ஒரு ஏ4 தாளை நிறைத்துவிடுகின்றன. 4:3 விகிதம் தரும் கைபேசியில் எடுத்தாலும் இதே விடைதான் வரும். அங்கே நெடும்படம் 3/4, அகலப் படங்கள் 2/3 என்று இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவே. தாளை நிமிர்த்திவிட்டு மேலே ஒரு அகலப் படம், கீழே இரண்டு நெடும்படங்கள் என்று வைத்தாலும் பொருந்தும்.

நாற்புறமும் ஓரம் விட்டால் கணக்கு சற்று நகரும். ஏ4 தாளில் மேலும் கீழும் 15 மி.மீ. விட்டு, படங்களுக்கிடையே 4 மி.மீ. வைத்தால் மொத்தத் தொகுதி 256 × 180 மி.மீ. ஆகும், பக்க ஓரங்கள் 20.5 மி.மீ. வரும். மேல்கீழை விடப் பக்கங்கள் கொஞ்சம் அகலம், பார்க்க இதமாகவே இருக்கும்.

இதன் குறை ஒன்றுதான். பெரிய படம் உண்மையிலேயே தலைமை தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும். மூன்றும் சுமார் என்றால் பெரியது இன்னும் சுமாராகத் தெரியும்.

வரிசை உயரம் சமமா, பத்தி அகலம் சமமா?

நெடும்படமும் அகலப் படமும் கலந்து நிறைய இருந்தால், எதையும் வெட்டாமல் அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு வரிசையில் எல்லாப் படங்களுக்கும் ஒரே உயரம் கொடுத்து, வரிசை பக்க அகலத்தை நிறைக்கும்படி அளவை மாற்றுவது. மற்றது, பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் கொடுத்து, கீழே கீழே அடுக்கிக்கொண்டு போவது. இணையப் படக் காட்சியகங்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன.

வரிசை முறையின் கணக்கு எளிது. ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தால் வகுத்து, எல்லா விடைகளையும் கூட்டுங்கள். பக்க அகலத்தில் இடைவெளிகளைக் கழித்து, அதை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரிசையின் உயரம் வந்துவிடும். 1100 புள்ளி அகலப் பக்கத்தில் இரண்டு அகலப் படங்களும் ஒரு நெடும்படமும், நடுவே 10 புள்ளி இடைவெளிகள் இரண்டும் என்றால், 1080-ஐ 3.667-ஆல் வகுக்க 294 புள்ளி உயரம்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் பரப்பளவில் இருக்கிறது. உயரத்தைச் சமமாக்கினால் நெடும்படத்துக்கு அகலப் படத்தின் பரப்பில் 44 சதவீதம்தான் கிடைக்கும். அகலத்தைச் சமமாக்கினால் தலைகீழ்: நெடும்படம் இரண்டேகால் மடங்கு பெரிதாகிவிடும். ஆகவே உங்கள் நல்ல படங்கள் நெட்டுக்குத்தாக இருந்தால் பத்தி முறை, இயற்கைக் காட்சிகள் போல் அகலமாக இருந்தால் வரிசை முறை. ஆனால் கதை சொல்லும் படங்களுக்குப் பத்தி முறை வேண்டாம். எது எதற்குப் பிறகு என்பது அதில் தெரியவே தெரியாது.

ஒரே படத்தை மூன்றாகப் பிரிப்பது

சுவரில் மாட்ட இது பலருக்கும் பிடிக்கும். அகலமான ஒரு காட்சியை மூன்று துண்டாக்கி, நடுவே இடைவெளி விட்டு மாட்டுவார்கள். செய்வதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இடைவெளி இருக்கும் இடத்தில் படம் மறைந்திருக்கிறதா, இல்லை படம் விலக்கி வைக்கப்பட்டிருக்கிறதா?

படத்தை வெறுமனே மூன்றாக வெட்டி 20 மி.மீ. தள்ளித் தள்ளி மாட்டினால், இடைவெளியைத் தாண்டும் சாய்கோடு எல்லாம் உடையும். 45 பாகையில் போகும் மலைச்சரிவு அடுத்த துண்டில், தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 20 மி.மீ. பிசகித் தொடங்கும். வெட்டும்போதே இடைவெளிக்குச் சமமான பட்டையைப் படத்திலிருந்து நீக்கிவிட்டால், ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல் கோடு நேராக ஓடும். நான் எப்போதும் நீக்குகிற பக்கம்தான். நீக்கும் பட்டையில் முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது, குறிப்பாக முகம். கேன்வாஸில் அச்சடித்துச் சட்டத்தின் மேல் மடிப்பதாக இருந்தால், மடியும் ஓரத்துக்கும் தனியாகப் படம் வேண்டும். அதை அச்சகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது

படங்களைச் சாய்த்தும் மேலே மேலே போட்டும் ஒட்டும் கொலாஜ் பெரும்பாலும் கூளமாக முடியும். இதைச் சாதித்தவர்கள் உண்டு. ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-இல் ஒரே காட்சியை நிறைய போலராய்டு படங்களாக (எடுத்தவுடன் கேமராவிலிருந்தே வெளிவரும் படங்கள்) எடுத்துக் கட்டங்களாக அடுக்கினார். ஒவ்வொரு படத்தின் வெள்ளை ஓரமும் அதில் அப்படியே தெரியும். பிறகு சாதாரண பிரிண்ட்களை ஓரம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டினார். ஆனால் அவர் அந்தக் காட்சியை ஒட்டுவதற்காகவே துண்டு துண்டாக எடுத்தார். வேறு வேறு நாளில் எடுத்த படங்களைச் சாய்த்து ஒட்டுவது வேறு விஷயம். குடும்ப ஆல்பத்தில் நினைவுக்காகச் செய்யுங்கள். நல்ல படங்களை இதில் போட்டு வீணாக்காதீர்கள்.

இடைவெளியின் அளவு

படங்களுக்கு இடையே விடும் இடைவெளி, மொத்தத் தொகுதியைச் சுற்றி விடும் ஓரத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நான் மீறுவதே இல்லை. உள்ளே 15, வெளியே 10 என்றால் படங்கள் தாளின் விளிம்பை நோக்கிச் சிதறும். உள்ளே 4, வெளியே 20 என்றால் ஒரே தொகுதியாக இறுகி நிற்கும்.

இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைக்கலாமா? ஒரு படத்தின் ஓரமும் அடுத்ததன் ஓரமும் நிறத்திலோ வெளிச்சத்திலோ நன்றாக வேறுபட்டால் வைக்கலாம். இரண்டிலும் வெளிறிய வானம் இருந்தால் இரண்டும் கலந்து புரியாத மூன்றாவது படம் ஒன்று உருவாகிவிடும். வேகமான தொடர்ச்சிக்குக் குறைந்த இடைவெளி, நிதானமான தொடர்ச்சிக்கு அதிக இடைவெளி என்பதும் நடைமுறையில் உண்மையாகவே வேலை செய்கிறது.

பார்டர்: வெள்ளை, கருப்பு, சாம்பல், வண்ணம்

பார்டரின் நிறம் படத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயத்துறைக்குப் பொறுப்பாக இருந்த மிஷேல் யூஜேன் ஷெவ்ரேல், கருப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கருப்பைக் கெடுக்கிறது என்று கண்டார். 1839-இல் அதை விரிவாக வெளியிட்டார். புகைப்படத்துக்கும் அதே நியதிதான். வெள்ளை நடுவே வைத்த படம் சற்று இருட்டாகவும், கருப்பு நடுவே வைத்த படம் சற்று வெளிச்சமாகவும் தெரியும். சுற்றுப்புறம் இருண்டால் படத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், குறைந்தது போலவும் தோன்றும். பார்ட்டில்சன், பிரெனமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே பார்டர் போட்ட பிறகு படத்தின் வெளிச்சத்தை ஒருமுறை திரும்பப் பார்ப்பது அவசியம்.

வெள்ளைதான் பத்தில் எட்டு வேளை என் தேர்வு. அச்சில் தாளின் நிறமே பார்டராகிவிடும், தனியாக எதுவும் சேர்த்ததாகத் தெரியாது. படத்தில் வெளிறிய வானம் விளிம்பைத் தொட்டால் மட்டும் பிரச்சினை: வானம் பார்டருக்குள் ஒழுகிவிடும், படம் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதற்கு மெல்லிய வெளிர்சாம்பல் கோடு ஒன்றைப் படத்தைச் சுற்றிப் போட்டால் போதும். கருப்புக் கோடு வேண்டாம், அது மரணச் செய்தி போல இருக்கும்.

கருப்புப் பார்டர் இரவுப் படங்களுக்கும் மேடைப் படங்களுக்கும் அழகு. அங்கே விளிம்பில் இருக்கும் இருட்டு பார்டரோடு கலந்து, வெளிச்சம் விழுந்த பகுதி மட்டும் மிதக்கும். ஒரு படம் மட்டும் என்றால் அது நல்லது. பல கட்டங்கள் என்றால் கட்டங்களின் உருவமே கலைந்துபோகும். தச்சரின் பட்டறையில் மூலைகள் இருட்டாக இருந்தால் கருப்பில் அந்தப் படம் செவ்வகமாகவே நிற்காது. ஃபிலிமை இருட்டறையில் அச்சிட்ட காலத்தில் சிலர், நெகட்டிவைப் பிடித்து வைக்கும் தாங்கியின் உள்விளிம்பை அரத்தால் ராவி அகலப்படுத்தி, படத்தைச் சுற்றி ஒழுங்கற்ற கருப்புக் கோடு விழும்படி அச்சிடுவார்கள். படத்தைக் க்ராப் செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி. இன்று அதே கோட்டை மென்பொருளில் ஒட்டினால் அதற்குச் சாட்சி மதிப்பு எதுவும் கிடையாது.

நடுத்தரச் சாம்பல் எதையும் கூட்டாது, குறைக்காது. எடிட் செய்யும்போது பின்னணிக்கு அதுதான் சரி. காட்சிக்கு வைக்கும்போது கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும்.

வண்ணப் பார்டரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. படத்தில் உள்ள ஒரு நிறத்தை எடுத்துப் பார்டருக்குப் போடுங்கள் என்ற அறிவுரை பரவலாக உண்டு. போட்டால் என்ன ஆகும்? படத்துக்குள் சின்னதாக இருந்த அந்த நிறத்தை இப்போது பெரிய பார்டர் தின்றுவிடும். தச்சரின் நீலச் சட்டை படத்தில் இருந்த ஒரே நீலம். பார்டரும் நீலமானால் சட்டை காணாமல் போய்விடும்.

நிழல் விழும் பார்டரும் வளைந்த மூலைகளும் செயலிகளில் ஒரே தட்டலில் கிடைக்கின்றன. நான்கு வளைந்த மூலைகள் சந்திக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள்: நடுவே ஒரு நட்சத்திரம் உருவாகும். ஒன்பது கட்டத்தில் நான்கு நட்சத்திரங்கள். படங்களை விட அவைதான் முதலில் கண்ணில் படும். நிழலும் அப்படித்தான்; எல்லா இடைவெளியிலும் ஒரு பக்கம் மட்டும் அழுக்கு ஒட்டியதாகத் தெரியும்.

அகலம் எவ்வளவு? நாற்புறமும் சமம் என்பதில் தவறில்லை. ஆனால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும்போது கீழ் ஓரம் மட்டும் 5 முதல் 10 மி.மீ. கூடுதலாக இருந்தால் நன்றாக இருக்கும். சரியாக நடுவில் வைத்த படம் சற்றுக் கீழே இறங்கியதாகக் கண்ணுக்குத் தோன்றுவதால் வந்த வழக்கம் அது. போலராய்டு படத்தின் அகன்ற கீழ் ஓரத்தை இதோடு சேர்க்காதீர்கள். படத்தைக் கழுவும் ரசாயனப் பை அங்கே இருந்ததால் அந்த இடம் தேவைப்பட்டது.

அச்சிலும் சட்டத்திலும்

ஆல்பத்தின் வெளி ஓரத்தில் 3 மி.மீ. வெள்ளைப் பார்டர் கேட்காதீர்கள். தாளை வெட்டும் இயந்திரம் ஒன்றிரண்டு மி.மீ. நகரும், 3 மி.மீ. பார்டரில் ஒரு மி.மீ. நகர்ந்தாலே கோணலாகத் தெரியும். ஒன்று 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விடுங்கள். இல்லாவிட்டால் பார்டரே இல்லாமல், வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை படத்தை நீட்டிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு பக்கங்களில் விரியும் லேஅவுட் என்றால் நடு மடிப்பில் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களின் இடைவெளியே மடிப்பின் மேல் வருமாறு அமைப்பது சுலபமான தீர்வு.

சட்டம் போடும்போது இரண்டு வழி. பல ஜன்னல்கள் வெட்டிய மவுண்ட் அட்டைக்குள் (பிரிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கும் தடித்த அட்டை) தனித்தனி பிரிண்ட்களை வைக்கலாம். அல்லது முழு லேஅவுட்டையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஒரே ஜன்னல் உள்ள மவுண்ட் போடலாம். முதல் வழியில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சாய்வாக வெட்டிய விளிம்பு கிடைக்கும், அருகே போய்ப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஜன்னல்களுக்கிடையே உள்ள அட்டைப் பட்டை மெலிந்தால் தாங்காது. ஆகவே இடைவெளி அகலமாகிவிடும், தொகுதி தளர்ந்துவிடும். நான் இரண்டாவது வழியைச் சொல்வேன். எந்த வழியானாலும் ஜன்னல் விளிம்பு படத்தின் மேல் 3 மி.மீ. அளவுக்குப் படியும். ஒரே தாள் என்றால் லேஅவுட்டைச் சுற்றிக் கூடுதலாக வெள்ளை விட்டால் படம் எதுவும் மறையாது. மவுண்ட் வெறும் அலங்காரமும் இல்லை. கண்ணாடி பிரிண்டைத் தொடாமல் தள்ளி வைப்பது அதுதான். அமிலம் இல்லாத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டை சில ஆண்டுகளில் பழுத்து, படத்தையும் பழுக்க வைக்கும்.

திரையில்

கைபேசியில் மூன்று கட்டத்துக்கு மேல் வேண்டாம். ஆறு படங்கள் இருந்தால் இரண்டு இரண்டாக மூன்று பக்கங்களாக்கி, தள்ளிப் பார்க்கும்படி வையுங்கள். நெட்டுக்குத்தாக 1080 × 1350 புள்ளி அளவில் இரண்டு அகலப் படங்களை மேலும் கீழுமாக வைத்தால் கைபேசித் திரையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இருண்ட பின்னணியில் பார்ப்பவர்களுக்குத் தூய வெள்ளைப் பார்டர் கண்ணைக் கூசும். மிக லேசாக மங்கலாக்கிய வெள்ளை போதும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பெரிய அளவில் லேஅவுட் செய்து, மெல்லிய கோடு போட்டு, பிறகு மொத்தத்தையும் சிறிதாக்கினால் அந்தக் கோடு படத்தின் சில புறங்களில் காணாமல் போகும், சில புறங்களில் மங்கும். முதலில் படங்களை இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு இடைவெளியையும் கோட்டையும் போடுங்கள். கோடு படத்தின் விளிம்புக்கு வெளியே அமைகிறதா, உள்ளே அமைகிறதா என்று மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் என்று இருந்தால் பாதிக் கோடு படத்தின் மேல் ஏறிவிடும். நிறைய பக்கங்களை ஒரே மாதிரிச் செய்ய வேண்டியிருந்தால் ஸ்க்ரைபஸ் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வசதி. வெறும் சமக் கட்டம் போதும் என்றால் கட்டளை தட்டிப் படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் மொன்டாஜ் கட்டளை ஒரே வரியில் செய்து தந்துவிடும்.